காய்ச்சல் நாளில் எடுத்த ரத்தம்

கேள்வி: நாங்கள் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் குடியிருக்கிறோம். கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை. மகனுக்கு 3 வயது 4 மாதம், எடை 13 கிலோ. சளியும் காய்ச்சலும் வந்து மூன்றாம் நாள் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட் முழுக்கத் தடித்த எழுத்து. ஹீமோகுளோபின் 10.1, எம்.சி.வி. 68, ஆர்.டி.டபிள்யூ. 17.2, சிவப்பணு 44 லட்சம், வெள்ளையணு 11,800. வெள்ளையணுவில் நியூட்ரோபில் 32 சதவீதம், லிம்போசைட் 60 சதவீதம். பிளேட்லெட் 5.2 லட்சம், சி.ஆர்.பி. 14. ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 310 கூடுதல் என்றும், கிரியேட்டினின் 0.3 குறைவு என்றும் குறி போட்டிருக்கிறது. ஃபெரிட்டின் 26, அது மட்டும் நார்மல். கடைசியில், ‘ரியாக்டிவ் லிம்போசைட்டுகள் தென்படுகின்றன, நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்று ஒரு வரி.

பயந்துபோய் இரண்டு நாள் கழித்து வேறொரு லேபுக்குப் போனோம். நரம்பு கிடைக்கவில்லை என்று விரலில் குத்தி எடுத்தார்கள். அங்கே ஹீமோகுளோபின் 9.4, பிளேட்லெட் 3.3 லட்சம். இரண்டே நாளில் இப்படி இறங்குமா? டெங்குவாக இருக்குமோ என்கிறார் கணவர். லிம்போசைட் கூடினால் ரத்தப் புற்றுநோய் என்று போனில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மாடிவீட்டு அக்கா, ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு தடவை காட்டிவிடு என்கிறார். ஈரல் கெட்டுவிட்டதோ என்பது மாமியாரின் கவலை. பார்த்த டாக்டர், ‘வைரல் காய்ச்சல்தான்’ என்று சொல்லி இரும்புச்சத்து சிரப் எழுதித் தந்தார். ஃபெரிட்டின் சரியாக இருக்கும்போது இரும்பு எதற்கு என்று நான் இன்னும் கொடுக்கவில்லை.

காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது. பையன் ஓடி விளையாடுகிறான். சோறுதான் இறங்காது, நாளைக்கு நாலு டம்ளர் பால், சாயங்காலம் டீயில் பிஸ்கட். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, எங்களுடையது பழைய வீடு. பூஜையறைச் சுவரைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்கிறான். எந்த ரிப்போர்ட்டை நம்புவது? அடுத்து என்ன செய்வது?

ஒரு வாசகி, கிழக்கேகோட்டை

பதில்: அம்மா, சம்பந்தம் உண்டா தெரியவில்லை என்று தயங்கி எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சுவர் விஷயம், அதிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு லேப் தாள்களும் சேர்ந்து சொல்லாததை அது சொல்லிவிட்டது. சுவர்ச் சுண்ணாம்பு, மண், சாம்பல், சாக்பீஸ், பச்சரிசி என்று உணவல்லாததையும் வேகாததையும் பிள்ளை விரும்பித் தின்றால் முதலில் நினைக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவை. சிரப் எழுதிக்கொடுத்த உங்கள் டாக்டரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். நேரில் பார்த்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் அவர். நான் எழுதுவதை அவர் சொன்னதற்கு விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதற்கு மாற்றாக வேண்டாம்.

நீங்கள் முதலில் கேட்க விரும்புவதற்கு முதலிலேயே பதில். இந்த எண்களில் ரத்தப் புற்றுநோயின் சாயல் எனக்குத் தெரியவில்லை. டெங்குவுக்கும் இவை பொருந்தவில்லை. ஈரலும் சிறுநீரகமும் அவற்றின் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. மிச்சம் நிற்பது இரும்புக் குறைவு. அது நம் வீடுகளில் மிகச் சாதாரணம், மருந்தால் தீரும், ஆனால் தள்ளிப்போடக் கூடாதது.

இனி அந்தத் தடித்த எழுத்துகள். லேப் மென்பொருள் ஒவ்வொரு எண்ணையும் ஒரு வரம்போடு ஒப்பிட்டு, வெளியே நின்றால் குறி போடும். பல லேப்களில் அந்த வரம்பு பெரியவர்களுக்கானது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. 13 கிலோப் பிள்ளைக்கு எவ்வளவு தசை இருக்கும்? 0.3 என்பது அவனுக்குச் சரியான அளவு. ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஈரலில் மட்டும் இல்லை, வளரும் எலும்பிலும் ஊறுகிறது. இந்த வயதில் அது 300-ஐத் தாண்டுவது எலும்பு வளர்வதன் அடையாளம். ரிப்போர்ட்டில் அது ஈரல் பரிசோதனைகளின் வரிசையில் அச்சாவதால் உங்கள் மாமியார் பயந்ததில் வியப்பில்லை. அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பொருத்தமான வரம்பு அச்சிட்டிருந்தாலும் ஒரு கணக்கு உண்டு. ஆரோக்கியமான நூறு பேரில் நடுவில் நிற்கும் 95 பேரின் அளவைத்தான் ‘நார்மல்’ என்று எடுக்கிறார்கள். மிச்சம் ஐந்து பேர் நோயில்லாமலே வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், முழு ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கும் ஏதாவது ஒன்றில் குறி விழ 64 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான், காய்ச்சல் என்று வந்த பிள்ளைக்கு ‘ஃபுல் பாடி செக்கப்’ பேக்கேஜை எடுத்துவிடுங்கள் என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. தேவையில்லாமல் கேட்ட கேள்விக்குத் தேவையில்லாத பதில் வரும். பிறகு தூக்கம் போவது பெற்றவர்களுக்கு.

லிம்போசைட்டுக்கு வருவோம். பெரியவர்களின் ரத்தத்தில் நியூட்ரோபில் அதிகம், லிம்போசைட் குறைவு. குழந்தைகளுக்கு அது தலைகீழ். பிறந்த முதல் வாரத்துக்குள் லிம்போசைட்டுகள் மேலே வந்துவிடும், நான்கைந்து வயது வரை மேலேயே இருக்கும், பிறகு மெல்ல இடம் மாறும். உங்கள் மகனுக்கு 60 சதவீதம் என்பது அவன் வயதுக்கு உரியது. சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்: 11,800-ல் 32 சதவீதம் என்றால் நியூட்ரோபில் ஏறத்தாழ 3,800. 1,500-க்குக் கீழே போனால்தான் நாங்கள் யோசிக்கத் தொடங்குவோம். ‘ரியாக்டிவ்’ என்றால் வைரஸை எதிர்த்துக் கிளம்பிய லிம்போசைட் என்று பொருள். காய்ச்சலின் மூன்றாம் நாள் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘பொருத்திப் பார்க்கவும்’ என்ற வரி எங்கள் ஊர் லேப் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றிலும் இருக்கும். ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் உங்கள் மகனைப் பார்க்கவில்லை, பார்த்தவர் முடிவு சொல்லட்டும் என்கிறார். அவ்வளவே.

ஆர்.சி.சி. என்ற மூன்று எழுத்து திருவனந்தபுரத்தில் ஒரு தாயின் வயிற்றில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். ரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜை முழுவதையும் கெட்ட அணுக்கள் அடைத்துக்கொள்ளும். அப்போது மற்ற அணுக்கள் உண்டாக இடமிருக்காது: ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் நியூட்ரோபிலும் ஒன்றையடுத்து ஒன்றாகச் சரியும், ஸ்மியரில் ‘பிளாஸ்ட்’ என்ற முதிராத அணுக்கள் தென்படும். பிள்ளையைப் பார்த்தாலே தெரியும்: வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், இரவில் காலைப் பிடித்துக்கொண்டு அழவைக்கும் எலும்பு வலி, அடிபடாமலே நீலத் திட்டுகள், கழுத்திலும் அக்குளிலும் கட்டிகள், வீங்கிய வயிறு. உங்கள் மகனுக்குப் பிளேட்லெட் குறையவில்லை, கூடியிருக்கிறது. தொற்று வந்தாலும் கூடும், இரும்பு குறைந்தாலும் கூடும். அவனுக்கு இரண்டும் இருந்தன. நான் எழுதிய அறிகுறிகளில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு எஸ்.ஏ.டி. மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கிறது. சிறு வயதிலேயே இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசர் அவிட்டம் திருநாளின் பெயரில் 1952-ல் தொடங்கியது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே.

இரண்டு லேப், இரண்டு கணக்கு. இதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: முதலில் நரம்பில், அடுத்து விரலில். அழுது திமிறும் குழந்தையின் விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுக்கும்போது ரத்தத்தோடு திசுநீரும் சேர்ந்து வரும். ரத்தம் நீர்த்துப்போய் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். சொட்டுச் சொட்டாக வர நேரமானால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் அந்தக் கட்டிகளைப் பிளேட்லெட்டாக எண்ணாது. 10.1 என்பது 9.4 ஆகவும், 5.2 லட்சம் 3.3 லட்சமாகவும் ‘இறங்கியது’ பெரும்பாலும் இப்படித்தான். 3.3 லட்சமும் நல்ல எண்ணிக்கையே; டெங்குவில் நாங்கள் கவலைப்படுவது அது 1 லட்சத்துக்குக் கீழே போகும்போது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால் டெங்கு முற்றும்போது ரத்தம் கெட்டியாகும், ஹீமோகுளோபின் ஏறும். உங்கள் மகனுக்கு ஏறவில்லை. காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஓடியாடிய பிள்ளைக்கு அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

விரலுக்கும் நரம்புக்கும் உள்ள இந்த வேறுபாடு உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல, நாட்டின் பிரச்சினையாகவே ஆனது. 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. கேரளத்தில் 39 சதவீதம். அதற்குச் சற்று முன்னால், 2016–18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 1 முதல் 4 வயது வரை உள்ளவர்களில் 41 சதவீதம்தான். முதல் ஆய்வு விரலில் குத்திய துளியைக் கையடக்கக் கருவியில் வைத்துப் பார்த்தது. இரண்டாவது, நரம்பில் எடுத்து லேப் மெஷினுக்கு அனுப்பியது. வயது வரம்பும் கொஞ்சம் வேறுதான் என்றாலும், இவ்வளவு பெரிய இடைவெளிக்கு ரத்தம் எடுத்த முறையையே ஆய்வாளர்கள் பலரும் காட்டினார்கள். அடுத்த குடும்பநல ஆய்விலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையையே எடுத்துவிட்டு, நரம்பில் ரத்தம் எடுக்கும் தனி ஆய்வுக்கு அரசு மாற்றியது. ஆகவே, எந்த ரிப்போர்ட்டை நம்புவது என்று கேட்டால், முதலாவதை. அந்த 10.1-உம் குறைவுதான், உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். சிறு பிள்ளைகளுக்கு 70-உடன் வயதைக் கூட்டினால் வருவது கீழ் எல்லை; மூன்று வயதுக்கு 73. உங்கள் மகனுடையது 68, ஆகவே அணுக்கள் உண்மையிலேயே சிறுத்திருக்கின்றன. ஆர்.டி.டபிள்யூ. 17 என்றால் அணுக்கள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றன: இரும்பு இருந்த காலத்தில் பிறந்தவை பெரிதாக, தீர்ந்த பிறகு பிறந்தவை சிறிதாக. இதெல்லாம் இரும்புக் குறைவின் வழக்கமான வரைபடம்.

அப்படியானால் ஃபெரிட்டின் ஏன் நார்மல்? கடிதத்தில் என்னைக் கொஞ்சம் நிறுத்திய இடம் இதுதான். இரும்பு வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்ததும் இந்த ஒரு எண்ணை வைத்துத்தான்.

ஃபெரிட்டின் உடம்பில் சேமித்து வைத்த இரும்பின் அளவைக் காட்டுவது. ஆனால் அது காய்ச்சலிலும் ஏறும். கிருமிகள் பெருகவும் இரும்பு வேண்டும் என்பதால், தொற்று வந்ததும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ரத்தத்தில் ஓடும் இரும்பைக் குறைத்து அணுக்களுக்குள் பூட்டிவிடும். கூடவே ஃபெரிட்டினும் உயரும். இரும்பு கைவசம் இல்லாத பிள்ளைக்குக்கூட அந்த நாட்களில் ஃபெரிட்டின் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். அவனுக்கு அன்று தொற்று இருந்தது என்பதற்குச் சாட்சி சி.ஆர்.பி. 14, அது 5-க்குள் இருந்திருக்க வேண்டும். இதை யோசித்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் இரண்டு எல்லைகளை வகுத்தது. ஐந்து வயதுக்குக் கீழ், ஆரோக்கியமான பிள்ளைக்கு ஃபெரிட்டின் 12-க்குக் கீழே போனால் இரும்புக் குறைவு. தொற்றோ அழற்சியோ உள்ள பிள்ளைக்கு 30-க்குக் கீழே இருந்தாலே குறைவு. உங்கள் மகனின் 26-ஐ இப்போது இரண்டாவது எல்லையோடு வைத்துப் பாருங்கள். லேப் தாளில் அச்சான வரம்புக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று தெரியாது.

சிரப்பைத் தொடங்கலாம். கடும் காய்ச்சலின்போது இரும்பைக் கொஞ்சம் நிறுத்திவைப்போம். இப்போது அந்தத் தடையும் இல்லை. உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள். வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 3 மில்லிகிராம்; 13 கிலோவுக்கு ஏறத்தாழ 40. இது ‘எலிமென்டல் அயர்ன்’ கணக்கு. பாட்டிலில் உப்பின் எடையைப் பெரிதாகவும் எலிமென்டல் அளவைச் சின்னதாகவும் அச்சிட்டிருப்பார்கள். 5 மில்லியில் எவ்வளவு என்று மருந்துக்கடையிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பாலோடும் டீயோடும் கொடுக்க வேண்டாம், இரண்டுமே இரும்பை உறிஞ்ச விடாது. எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு, நெல்லிக்காய் கூட இருந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஒன்றில் மட்டும் பயப்படுங்கள்: இனிப்பாக இருக்கிறதே என்று பிள்ளை பாட்டிலோடு குடித்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

நாலு டம்ளர் பாலை இரண்டாக்குங்கள். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. வயிறு பாலால் நிறைந்திருக்கும்போது சோறு எப்படி இறங்கும்? டீ மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, உங்கள் வீட்டில் வழக்கமென்றால் முட்டை, மீன், ஈரல், எல்லாம் கொடுங்கள். ஆனால் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் மாதுளையும் கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரப்பை நிறுத்திவிடாதீர்கள். தீர்ந்துபோன கையிருப்பை அந்த வேகத்தில் உணவால் நிரப்ப முடியாது.

மறுபடியும் அந்தச் சுவர். அது வெறும் சுண்ணாம்பு வெள்ளையா, அல்லது எனாமல் பெயின்ட் அடித்ததா? பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த அடுக்குகள் கோட்டையைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஈயமும் சிவப்பணுவைச் சிறுக்கவைக்கும், மூளை வளர்ச்சியையும் தாக்கும். இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பது இதில் கொடுமை. பெயின்ட் என்றால் அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது ஈய அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், நரம்பு ரத்தத்தில். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். அதுவரை அந்தச் சுவரை அலமாரியோ பலகையோ வைத்து மறையுங்கள், உதிர்ந்ததை ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளை வீட்டில் இருக்கும்போது சுவரைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்கும் வேலை வேண்டாம். அந்தத் தூசி இன்னும் மோசம்.

அடுத்த பரிசோதனை நாளையோ நாளன்றைக்கோ அல்ல. சிரப் தொடங்கி நான்கு வாரம் கழித்து, காய்ச்சலோ சளியோ இல்லாத நாளில், முதலில் போன அதே லேபில், நரம்பில் எடுத்து ஒரு சி.பி.சி. (முழு ரத்த அணுக் கணக்கு) போதும். லேபுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று தாளின் தலைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 1 கிராம் ஏறியிருந்தால் நாம் நினைத்தது சரி. ஏறியதும் நிறுத்திவிடாமல், அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் கொடுத்தால்தான் கையிருப்பு நிரம்பும். சுவரைச் சுரண்டுவது அதற்குள்ளாகவே நின்றுவிடுவதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

ஏறவில்லை என்றால்? ஒழுங்காகக் கொடுத்தும் அணுக்கள் சிறுத்தே இருந்தால் தலசீமியா டிரெய்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு உண்டு. நோயல்ல, பெற்றோரிடமிருந்து வரும் ஒரு இயல்பு. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து லட்சக் கணக்கில்) வகுத்துப் பார்க்கும் முறையொன்றை 1973-ல் மென்ட்சர் என்ற மருத்துவர் சொன்னார். 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவு, கீழே என்றால் டிரெய்ட் என்று சந்தேகிக்கலாம். உங்கள் மகனுக்கு 68-ஐ 4.4-ஆல் வகுத்தால் 15-க்குச் சற்று மேல். இது ஒரு சாய்வைத்தான் காட்டும், தீர்ப்பு சொல்லாது. தீர்ப்பு சொல்வது எச்.பி.எல்.சி. பரிசோதனை, அதில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டிரெய்ட் என்போம். அதை இப்போதே எடுக்காதீர்கள். இரும்பு குறைந்திருக்கும்போது ஏ2-வும் குறைந்து, இருப்பதை இல்லை என்று காட்டிவிடும்.

ஆனால் நீங்களும் உங்கள் கணவரும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே ஆளுக்கொரு சி.பி.சி. எடுங்கள். ஒருவருக்காவது எம்.சி.வி. 80-க்குக் கீழே இருந்தால் அந்தத் தாளையும் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மகனின் கணக்கைப் படிக்க அவருக்கு அது உதவும். சொந்தத்தில் மணம் செய்தவர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாமன் மகன், அத்தை மகன் என்ற உறவாக இருந்தால் இது இன்னும் முக்கியம். இருவருக்கும் டிரெய்ட் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிறக்கும் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா மேஜர் வர. அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.